கோத்தகிரியிலிருந்து 3 டான்ஸ் சிங்கிள்: பேஸ், சத்தம், வெளியீட்டு வரிசை, உரிமை

கோத்தகிரி_டப்:
சின்ன எலக்ட்ரானிக் லேபிள். மூணு சிங்கிள் கையில இருக்கு. ரெண்டு ஹவுஸ் வகை டான்ஸ் இசை, 124 பிபிஎம் (நிமிஷத்துக்கு இத்தனை அடி). ஒண்ணு டெக்னோ, 132. டெக்னோவுல நீலகிரிப் பழங்குடியான கோத்தர் கலைஞர்கள் வாசிச்ச கொள் குழலும் மேளமும் இருக்கு. ஊர்லயே மைக் வச்சு எடுத்தது.

மிக்ஸ் பண்றது 12க்கு 10 அடி அறை, தகரக் கூரை. மேசை நடு அறையில. அங்க கேட்டா கிக்கும் (அடி ட்ரம்) பேஸும் (தாழ்ந்த சுரம்) கச்சிதம். கோயம்புத்தூர்ல பெரிய சிஸ்டத்துல போட்டா அடி கொழகொழன்னு வீங்குது. போன்ல கேட்டா பேஸ் லைனே இல்லை.

ஸ்பாட்டிஃபைக்கு -14 லஃப்ஸ்ல (சராசரிச் சத்தத்தை அளக்கற அலகு) மாஸ்டர் (கடைசி மெருகு) பண்ணணுமா? மூணையும் ஒரே நாள்ல விடலாமா? பதிவு பண்ணின இசைக்கு என்ன எழுதி வாங்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வெலிங்டன்_பேஸ்:
மாஸ்டரிங்கை விடுங்க, முதல்ல நாற்காலியை நகர்த்துங்க. 12 அடி நீளத்துக்கு அறையோட முதல் அதிர்வு சுமார் 47 ஹெர்ட்ஸ், 10 அடிக்கு 56. இந்த ரெண்டும் சுவரோரம் பெருத்து, நட்ட நடுவுல செத்துப் போகும். நீங்க உட்கார்ந்திருக்கிறதே அந்த நடுவுலதான். ஹவுஸ் கிக் பெரும்பாலும் 45லிருந்து 55க்குள்ள விழும். காதுக்கு வராததை ஈக்யூவுல (அதிர்வெண் வாரியா ஏத்தி இறக்கற கருவி) ஏத்தி வச்சிருப்பீங்க, அது கோயம்புத்தூர்ல போய் வீங்குது.

12 அடி நீளவாக்குல பார்த்த மாதிரி, முன் சுவர்லேருந்து நாலரை அடியில காது வர்ற மாதிரி உட்காருங்க. இடம், வலம் மட்டும் சம தூரம். 10 அடிப் பக்கத்து 56ல குழி அப்பவும் இருக்கும், அதனால கிக்கோட அடியை மூடின ஹெட்போன்லயும், ஸ்பெக்ட்ரம் மீட்டர்லயும் சரி பாருங்க. மூலைகள்ல ராக்வூல் வைக்கறது நல்லதுதான், ஆனா 4 அங்குலத் தடிமன் 50 ஹெர்ட்ஸை அசைக்காது. கடையில சொல்றதை நம்பிக் காசைக் கொட்டாதீங்க.

போன் ஸ்பீக்கருக்கு 49 ஹெர்ட்ஸ் எப்பவுமே வராது. அதோட மடங்குகளைக் கேட்டுத்தான் காது பேஸ்னு புரிஞ்சுக்கும். பேஸை இன்னொரு ட்ராக்குல காப்பி பண்ணுங்க, அதுல சாச்சுரேஷன் (மடங்குகளைப் பிறக்க வைக்கிற லேசான சிதைவு) போடுங்க, அதுக்கப்புறம் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டி, மெல்லக் கலந்து விடுங்க. வெட்டிட்டு சாச்சுரேஷன் போட்டா மடங்கு பிறக்க அடிச் சுரமே இருக்காது. வரிசை முக்கியம்.

சைட்செயின் (கிக் அடிக்கும்போது பேஸைத் தானா அமுக்கறது): 124ல ஒரு அடி 484 மில்லிசெகண்ட். ரிலீஸ் (பேஸ் திரும்ப எழற நேரம்) 150-200 வச்சா ஆஃப்பீட்டுக்குள்ள (ரெண்டு அடிக்கு நடு) பேஸ் முழுசா திரும்பிடும். அட்டாக்கை (பேஸ் அமுங்கற நேரம்) 0ல வைக்காதீங்க, பேஸ்ல க்ளிக் சத்தம் கேட்கும். 2, 3 போதும். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழ எல்லாம் மோனோ (இடம், வலம் ஒண்ணா). நிறைய கிளப்ல சப்-வூஃபரை மோனோவாத்தான் ஓட்டறாங்க. பேஸுல ஸ்டீரியோ வைடனர் போட்டிருந்தா அங்க ரெண்டு பக்கமும் ஒண்ணையொண்ணு அடிச்சுக் காணாமப் போகும்.

மஞ்சூர்மேகம்:
-14ங்கிறது ஸ்பாட்டிஃபை ஓட்டும்போது சமப்படுத்தற அளவு. அதுக்குன்னே மாஸ்டரை அடக்கி வைக்கணும்னு அவசியமில்லை. டிஜே பெட்டியில மத்த ட்ராக் எல்லாம் -8 சுத்தி நிக்கும்போது உங்களுது -14ல இருந்தா கெயினை ஏத்திக்கிட்டே இருப்பாங்க. கிளப் மாஸ்டர் -8, -9. ஸ்ட்ரீமிங்குக்கு அதையே கொடுத்தா ட்ரூ பீக்கை (ஒலி அலையோட நிஜ உச்சி) -2ல நிறுத்துங்க. ஸ்பாட்டிஃபை சொல்றதும் அதுதான்: -14க்கு மேல சத்தமா இருந்தா -2, இல்லேன்னா -1. காரணம், ஓக்ங்கற சுருக்கின கோப்பா மாத்தும்போது உச்சி கொஞ்சம் மேல துள்ளும், அங்க கரகரப்பு வரும். லிமிட்டர்ல (உச்சியைத் தடுக்கற கருவி) 3 டெசிபலுக்கு மேல குறைஞ்சா கிக்கோட முனை மழுங்குது, மிக்ஸுக்குத் திரும்பிப் போங்க.

ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வடிவம் வேணும். எக்ஸ்டெண்டட் மிக்ஸ் (டிஜேக்கான நீள வடிவம்) தொடக்கத்துலயும் முடிவுலயும் 32 பார் (ஒரு பார் 4 அடி) தாளம் மட்டும். 124ல அது ஏறக்குறைய 62 விநாடி. டிஜே கலக்கறதுக்கு அந்த இடம் தேவை. ஆனா அதையே ஸ்ட்ரீமிங்ல போட்டா தொலைஞ்சது. 30 விநாடி கேட்டாத்தான் ஒரு ஸ்ட்ரீம் கணக்கு, 16 பார் வெறும் கிக்கே 31 விநாடி ஓடிடும். எடிட் (ஸ்ட்ரீமிங்குக்கான சின்ன வடிவம்) 3 நிமிஷத்துக்குள்ள, முதல் 8 பார்ல மெட்டு வரட்டும். ரெண்டு வடிவத்துக்கும் தனித்தனி ஐஎஸ்ஆர்சி (பதிவோட அடையாள எண்). ‘எக்ஸ்டெண்டட் மிக்ஸ்’னு தலைப்புல ஒட்டாதீங்க, வெர்ஷன் கட்டத்துல போடுங்க.

வரிசை: ஒரே நாள்ல வேண்டாம். 5 வாரம் இடைவெளி விடுங்க. ரெண்டாவது வெளியீட்டுல புதுசு முதல்ல, பழசு அதுக்குக் கீழ, அதே ஐஎஸ்ஆர்சியோட. மூணாவதுல மூணும். கோப்பு அதேதான் இருக்கணும். நீளமோ தலைப்போ மாறினா பழைய எண்ணிக்கை ஒட்டாது. 2024லேருந்து ஒரு ட்ராக் 12 மாசத்துல 1,000 ஸ்ட்ரீம் தாண்டினாத்தான் ஸ்பாட்டிஃபைல ராயல்டி, அதனால எண்ணிக்கையைச் சிதற விடாதீங்க. ப்ளேலிஸ்ட்டுக்கு விண்ணப்பம் வெளியீட்டுக்கு 7 நாளாவது முன்னாடி போகணும், அதனால டிஸ்ட்ரிபியூட்டர்கிட்ட (பாட்டைத் தளங்களுக்கு அனுப்பற நிறுவனம்) 4 வாரம் முன்னாடியே ஏத்திடுங்க. கவர் 3000க்கு 3000 பிக்சல், அதுல இணைய முகவரி, விலை எழுதினா திருப்பி அனுப்புவாங்க.

கட்டபெட்டு_128:
மேகம் அண்ணன் சொன்னது ஸ்ட்ரீமிங்குக்கு சரி. பீட்போர்ட்ங்கற பாட்டு விக்கற தளத்துக்கு அது எடுபடாது. அங்க வாங்கறவங்க டிஜேக்கள். எக்ஸ்டெண்டட் மட்டும்தான் பார்ப்பாங்க, ஏற்கெனவே வாங்கின ட்ராக்கை அடுத்த வெளியீட்டுல மறுபடி பார்த்தா கடுப்பாவாங்க. எக்ஸ்டெண்டட் மிக்ஸுகளைத் தனி யுபிசியில (வெளியீட்டோட அடையாள எண்) ஒவ்வொண்ணா விடுங்க, ஸ்ட்ரீமிங்குக்கு ரெண்டு வாரம் முன்னாடியே. நேரா கணக்கு திறக்க முடியாது, டிஸ்ட்ரிபியூட்டர் வழியாத்தான். வகையைத் தப்பாப் போட்டா சரியான ஆள் கண்ணுலயே படாது: குழலும் மேளமும் இருக்குங்கறதுக்காக 132 டெக்னோவை ‘அஃப்ரோ ஹவுஸ்’ல தள்ளிடாதீங்க.

அருவங்காடு_கேசட்:
அந்த மேளப் பதிவு பத்தி யாரும் பேசலை. மூணு விஷயம் சொல்றேன்.

ஒண்ணு, உரிமை. ஒலிப்பதிவு உங்க பேர்ல, 60 வருஷம். வாசிச்சவங்களுக்குத் தனியா கலைஞர் உரிமை 50 வருஷம் இருக்கு. வாய் வார்த்தை போதாது. யார், எந்தக் கருவி, எந்தத் தேதி, எந்த ட்ராக்குல, முன்பணம் எவ்வளவு, பங்கு எத்தனை சதவீதம், ரீமிக்ஸுக்கும் விளம்பரத்துக்கும் தரலாமா கூடாதா, எல்லாம் தமிழ்ல எழுதி, படிச்சுக் காட்டி, கையெழுத்து வாங்குங்க. பேரையும் கிரெடிட்ல போடுங்க, ‘பழங்குடி சாம்பிள்’னு பொத்தாம் பொதுவா எழுதாதீங்க. அதைவிட முக்கியம்: கோத்தர்ல தெய்வத்துக்கு வாசிக்கிறது வேற, சாவுக்கு வாசிக்கிறது வேற. நீங்க எடுத்தது எதுன்னு ஊர்ப் பெரியவங்ககிட்ட கேட்டுத் தெளிவு பண்ணாம டான்ஸ் ஃப்ளோருக்குக் கொண்டு போகாதீங்க.

ரெண்டு, நேர்ல வாசிச்ச தாளம் 132லயே நிக்காது. ஒவ்வொரு அடியையும் கிரிட்ல (மென்பொருளோட தாளக் கட்டம்) இழுத்து ஒட்டினா உயிர் போயிடும். 4 பாருக்கு ஒரு வார்ப் புள்ளி (பதிவை கிரிட்டோட கட்டற இடம்), முதல் அடியில மட்டும். கிக் நேரா ஓடட்டும், மேளம் அதுக்கு மேல கொஞ்சம் ஊசலாடட்டும்.

மூணு, இன்னொரு தடவை எடுக்கறதா இருந்தா: கோத்தகிரிக்கு வடகிழக்கு மழைதான் பெருசு, அதனால தை பிறந்தப்புறம் போங்க. மூடுபனிக்குள்ள கண்டென்சர் மைக்கை வெளிய எடுத்தா கேப்ஸூல்ல ஈரம் பிடிச்சு ‘பொட் பொட்’னு வெடிக்கும். சிலிகா ஜெல் போட்ட டப்பாவுல வைங்க, இல்லேன்னா டைனமிக் மைக்கே போதும். மேளத்துக்கு அதுதான் எனக்குப் பிடிக்கும்.

கோத்தகிரி_டப்:
ரொம்ப நன்றிங்க. ஹவுஸ் ரெண்டுலயும் காசு கொடுத்து வாங்கின லூப் (திரும்பத் திரும்ப ஓடற ஒலித்துண்டு) இருக்கு. யூடியூப் கன்டென்ட் ஐடி (நம்ம இசை வர்ற வீடியோவைத் தானா கண்டுபிடிச்சு உரிமை கோரறது) போடலாமா? பேண்ட்கேம்ப்ல (கலைஞர்கள் நேரா இசை விக்கற தளம்) நம்ம ஊர்க்காரங்க வாங்கினா பணம் வருமா?

அருவங்காடு_கேசட்:
லூப் இருக்கிற ரெண்டுக்கும் கன்டென்ட் ஐடி வேண்டாம். அதே லூப்பை வாங்கினவங்க வீடியோ எல்லாத்துக்கும் உங்க பேர்ல கிளெய்ம் விழும், டிஸ்ட்ரிபியூட்டர் கணக்கையே முடக்கலாம். டெக்னோவுல வாங்கின சத்தம் எதுவும் இல்லேன்னா அதுக்கு மட்டும் போடுங்க.

பேண்ட்கேம்ப் டிஜிட்டல்ல 15 சதவீதம் எடுத்துக்கும், பணம் பேபால் வழியா வரும். பேபால் 2021 ஏப்ரல்லேருந்து இந்தியாவுக்குள்ள பரிமாற்றத்தை நிறுத்திட்டாங்க, வெளிநாட்டுலேருந்து வர்றது மட்டும்தான். ஊட்டி, குன்னூர் ஆளுங்ககிட்ட யுபிஐல வாங்கிட்டு டவுன்லோட் கோடு அனுப்பிடுங்க.