புக்கிட் மேரா ஏரி: மூன்று ஞாயிறு போயும் ஒரு தோமான்கூடக் கடிக்கவில்லை, உதவி வேண்டும்

பிறைக்காரன்:
வணக்கம். பினாங்குக் கடலில் தூண்டில் போட்டுப் பழகியவன் நான். விரால் இனத்துப் பெரிய மீனான தோமானைப் பிடிக்க, மூன்று ஞாயிறாக நிபோங் திபாலைத் தாண்டி, பேராக்கில் உள்ள புக்கிட் மேராவுக்குப் போய்வருகிறேன். ரயில் பாலம் தெரியும்படி ஏரி நடுவில் படகை நிறுத்தி, காலை பத்திலிருந்து இரண்டு மணிவரை உட்காருகிறேன். தூண்டிலை மூழ்கவைக்க 40 கிராம் ஈயம், இரைக்கு இறால். இதுவரை கிடைத்தவை: கை நிறையப் பாசி, அறுந்த தூண்டில் நரம்பு, வெயிலில் உரிந்த மூக்கு. போன வாரம் மழைக்குப் பிறகு தண்ணீர் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் இருந்தது. எங்கே தவறு?

பழைய தக்கை:
தம்பி, கடல் வித்தையை ஏரியில் காட்டியிருக்கிறீர்கள். கிரியான் மாவட்ட நெல் வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்ச, குராவ் ஆற்றை மறித்து 1906இல் உண்டாக்கிய ஏரி இது. ஆழம் குறைவு, அடியில் சேறு. உங்கள் ஈயம் அதில் புதைந்தால் இறாலும் கூடவே புதையும். தோமான் சேற்றைக் கிளறித் தின்னும் மீன் அல்ல, ஓடுவதைத் துரத்துகிற மீன்.

ஈயத்தைக் கழற்றிவிட்டு இறாலுக்குப் பதில், மேலே மிதக்கும் போலி இரையான ரப்பர் தவளை கட்டுங்கள். விடியும்போதே தாமரை இலை ஓரத்தில் இருக்க வேண்டும். பத்து மணிக்கு நான் வீட்டில் இருப்பேன். தோமானும் விராலும் அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கும். 'ப்ளக்' என்று ஒரு சத்தம், பிறகு வட்டம் விரியும். வட்டத்தின் மேலேயே எறிந்தால் ஓடிவிடும். இரண்டு கஜம் தள்ளி எறிந்து அதன் வழியில் இழுத்து வாருங்கள்.

சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் மிதந்தால் அடியில் தாய் தகப்பன் காவல் இருக்கும். எது விழுந்தாலும் ஆத்திரத்தில் அடிக்கும், பிடிப்பது சுலபம். நான் தொடுவதில்லை. பெரியவை போனால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரை.

மெர்தாஜாம் தூண்டில்:
ஐயா சொன்னது தெளிந்த தண்ணீருக்கு. கலங்கிய நாளில் மண்புழுவும் தக்கையுமாக ஆறு ஏரியில் கலக்கும் இடத்துக்குப் போங்கள். தோமான் கிடைக்காவிட்டாலும் லம்பாம் (கெண்டை வகை மீன்), கெளுத்தி வரும். தோமானுக்கு நரம்பின் நுனியில் ஒரு சாண் எஃகுக் கம்பி அவசியம், பல் அப்படி.

பழைய தக்கை:
கம்பி கனத்தால் தவளை மூக்குக் குத்தி மூழ்கும். தடித்த நரம்பே போதும். இன்னொன்று: கெலிசா (அரோவானா மீன்) சிக்கினால் படத்துக்குக்கூடத் தூக்கி வைக்காமல் உடனே விட்டுவிடுங்கள். அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் உள்ள மீன் அது.

பிறைக்காரன்:
ஏழு மணிக்கே போய்விட்டேன். மூன்றாவது எறிதலில் தண்ணீர் வெடித்தது! பதறி இழுத்தேன், தவளை மட்டும் முகத்துக்கு நேரே பறந்து வந்தது.

பழைய தக்கை:
சத்தம் கேட்டதும் இழுப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. தவளை மறைந்து, நரம்பு கனக்கும்வரை கையைக் கட்டுப்படுத்துங்கள். அதன்பிறகு ஒரே வெட்டாக இழுங்கள்.

பிறைக்காரன்:
இந்த ஞாயிறு மனத்துக்குள் 'ஒன்று, இரண்டு' எண்ணிவிட்டு வெட்டினேன் ஐயா. முழங்கை நீளத்துக்கு ஒரு விரால். அம்மா புளிக்குழம்பு வைத்துவிட்டார். தோமான் பாக்கி இருக்கிறது.