திரையில் டிக் இருக்கு, புரோகிராமுக்கு மட்டும் தெரியல. உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

டெல்டாகாரன்:

ஆறு மாசம் ஆகிறது, இன்னும் உறுத்துகிறது. மாமா கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவர். மெனு போட டிகின்டரில் (பைத்தானில் திரை அமைக்கும் லைப்ரரி) ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். மூன்று திரை. எல்லாரும் செய்வதுபோல, திரைக்கு ஒன்றாக ஃபிரேம்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வேண்டியதை மேலே தூக்குவதுதான். முதல் திரையில் தேதியும் ஆள் கணக்கும். இரண்டாவதில் இடப்பக்கம் காலை டிபன் லிஸ்ட்பாக்ஸ், வலப்பக்கம் மதியச் சாப்பாடு லிஸ்ட்பாக்ஸ். மூன்றாவதில் பிரின்ட்.

நான் சோதித்தபோதெல்லாம் ஏதாவது ஒரு பக்கத்தில் இரண்டு ஐட்டம் சொடுக்கிவிட்டு அடுத்த திரைக்கு ஓடியிருக்கிறேன். சோம்பேறித்தனம்தான். மாமா பெண் வீட்டாரை எதிரே உட்கார வைத்துக்கொண்டு இட்லி, வெண்பொங்கல், மெதுவடை, அசோகா என்று நிதானமாகச் சொடுக்கினார். அப்புறம் வலப்பக்கம் போய் சாம்பாரைத் தொட்டார். தொட்ட அந்த நொடியே தேர்வைக் காட்டும் இடப்பக்க நீலமெல்லாம் அணைந்துவிட்டது. அவர் கண் வலப்பக்கம் இருந்தது, பார்க்கவில்லை.

பிரின்டில் ‘காலை டிபன்’ என்று தலைப்பு, அதற்குக் கீழே வெறும் வெள்ளை. பெண்ணின் தாத்தா தாளை எட்டப் பிடித்து வாசித்துவிட்டு, “ஏன் தம்பி, காலையில எங்க ஆளுங்க எல்லாம் விரதமா?” என்று கேட்டார். மாமா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

காரணம் உங்களுக்கே தெரிந்திருக்கும். எக்ஸ்போர்ட்செலக்‌ஷன் என்ற அமைப்பு, அதாவது வேறு பெட்டியில் தேர்ந்தால் இந்தப் பெட்டியின் தேர்வை விட்டுவிடுவது, நாம் சொல்லாமலே ட்ரூவாக (ஆனில்) இருக்கும். ஒரு நேரத்தில் ஒரு தேர்வுதான் என்பது யூனிக்ஸின் திரை அமைப்பான எக்ஸ் விண்டோ காலத்து வழக்கம், டிகின்டருக்கு அடியில் இருக்கும் டிகே அதை விண்டோஸிலும் விடவில்லை. இரண்டு பெட்டியிலும் ஃபால்ஸ் போட்டதும் சரியானது.

பழைய விபி ஆள்:

சாப்பாட்டோடு போனதே, சந்தோஷப்படுங்கள் தம்பி. என்னுடையது 2001. விபி 6 (விஷுவல் பேசிக்), ஒரு ரத்தப் பரிசோதனை லேப். முதல் ஃபார்மில் பெயர், வயது, ஆண் பெண் பட்டன். டிசைன் செய்யும்போதே ‘ஆண்’ பட்டனைத் தேர்ந்த நிலையில் வைத்திருந்தேன். அடுத்த ஃபார்முக்குப் போகும்போது மெமரி மிச்சம் பிடிக்க முதல் ஃபார்மை அன்லோடு செய்தேன். 64 எம்பி மெஷின், என்ன செய்வது. ரிப்போர்ட் அடிக்கும் ஃபார்ம் மட்டும் முதல் ஃபார்மின் பட்டனை நேரடியாகக் கேட்கும்.

விபியில் அன்லோடு ஆன ஃபார்மின் கன்ட்ரோலைத் தொட்டால் எரர் வராது. சத்தமில்லாமல் அந்த ஃபார்மைப் புதிதாக லோடு செய்து, டிசைனில் இருந்த மதிப்பை நீட்டும். கண்ணுக்கும் தெரியாது. ஆக, வந்தவர்கள் எல்லாரும் ஆண்.

ஒரு அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 12.4. பெண்களுக்கு அது நார்மல். தாளில் 13 முதல் 17 என்று அடித்து, பக்கத்தில் ஒரு நட்சத்திரம், ‘குறைவு’. கவுன்டரில் நின்று, “ரத்தம் ஏத்தணுமா சார்?” என்று கேட்டார். சேலை கட்டி நிற்பவரையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அதற்கு முன்னால் எத்தனை பேருக்கு அப்படிப் போனதோ.

சிக்னல் ஸ்லாட்:

ஃபால்ஸ் போட்டதும் சரியானது என்று டெல்டாகாரன் நிறுத்திக்கொண்டதை ஏற்க முடியவில்லை. அது ஒட்டுப்போட்ட வேலை.

என் கதை சின்னது. கியூட்டியில் (இதுவும் திரை அமைக்கும் லைப்ரரிதான்) விசார்டு, அதாவது பக்கம் பக்கமாக நகரும் படிவம்; மாவட்டம் தேர்ந்தெடுக்க ஒரு காம்போபாக்ஸ் (கீழே விரியும் பட்டியல்), மற்றப் பக்கங்களும் படிக்க அதை ஃபீல்டாகப் பதிந்தேன். கடைசிப் பக்கத்தில் கடிதம் அச்சானது: ‘மாவட்டம்: 7’. காம்போபாக்ஸை அப்படியே பதிந்தால் விசார்டு எடுப்பது எழுத்தை அல்ல, வரிசை எண்ணை. பதியும்போதே, திரையில் தெரியும் எழுத்தான கரன்ட்டெக்ஸ்ட் வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். அதிகாரி, “ஏழாவது மாவட்டம் எதுங்க?” என்றார். அவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கடைசித் திரை முந்தைய திரையின் விட்ஜெட்டுக்குள் (பட்டன், பெட்டி போன்றவை) கையை விட்டு எடுக்கவே கூடாது. எல்லாத் திரைக்கும் பொதுவாக, பெயர் போட்டு மதிப்பைச் சேமிக்கும் ஒரு டிக்‌ஷனரி வையுங்கள். ‘அடுத்து’ அழுத்தும்போது அந்தந்தத் திரை தன் தேர்வை அதில் எழுதிவிட்டுப் போகட்டும். கடைசித் திரை அதை மட்டும் படிக்கட்டும், அதுவும் திரை கண்ணுக்கு வரும் நேரத்தில். அடுக்கி வைக்கும் முறையில் எல்லா ஃபிரேமும் புரோகிராம் தொடங்கும்போதே உருவாகிவிடுகின்றன. ஃபிரேம் உருவாகும்போதே ஓடும் இனிட்டுக்குள், தேர்வைப் படிக்கும் கெட் போட்டால், பயனர் மவுஸைத் தொடுவதற்கு முன்பே படித்து முடித்த கணக்கு, காலியாகத்தான் வரும். கியூட்டியில் இதற்கென்றே இனிஷியலைஸ்பேஜ் இருக்கிறது. டிகின்டரில் நீங்களே ஒரு ஃபங்ஷன் எழுதி, ஃபிரேமைத் தூக்கும் இடத்தில் கூப்பிட வேண்டும். இன்னொன்று, லிஸ்ட்பாக்ஸில் எது தேர்வானது என்று சொல்லும் கர்செலக்‌ஷன் தருவதும் எண்தான். மேலே தேடல் பெட்டி வைத்து லிஸ்ட்டை வடிகட்டினால் மூன்றாம் எண் வேறு ஐட்டமாகிவிடும், ஆகவே ஐட்டத்துக்கு ஒரு அடையாளக் குறியீடு கொடுத்து அதைச் சேமியுங்கள். ‘பின்னால்’ பட்டன் வைத்தால்

ஃபைனல் இயர்:

ப்ரோ, அனுபவம் நாலு வரி, பாடம் நாற்பது வரியா? :) பாதியில் வேறு நிற்கிறது.

என்னுடையது போன வாரம், புராஜெக்ட் ரிவ்யூ. இரண்டாவது விண்டோவுக்கும், முதல் விண்டோவுக்கு மட்டும் எழுத வேண்டிய டிகே() என்றே எழுதியிருந்தேன், கூடுதல் விண்டோவுக்கு டாப்லெவல் என்று ஒன்று இருப்பதே தெரியாது. தேர்வைப் பிடித்து வைக்கும் ஸ்ட்ரிங்வார் முதல் விண்டோவோடு ஒட்டிக்கொண்டது. எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் மேடம் ரேடியோ பட்டனை அழுத்துகிறார், திரையில் புள்ளி அழகாக விழுகிறது, கெட் கொடுப்பது வெற்று ஸ்ட்ரிங். மேடம் இன்னும் பலமாக அழுத்தினார். ஐந்து தடவை. ஒவ்வொரு கிளிக்கும் எனக்குக் கேட்டது.

பழைய விபி ஆள்:

சிக்னல் ஸ்லாட் சார், உங்கள் டிக்‌ஷனரி என் கேஸை முழுக்கக் காப்பாற்றாது. ரிசப்ஷனில் அவசரத்தில் பட்டனைத் தொடாமல் ‘அடுத்து’ அழுத்தினால் அதிலும் ‘ஆண்’ என்றுதான் ஏறும். பயனர் தேர்ந்தெடுத்ததும் நாம் தேர்ந்து வைத்ததும் படிக்கும்போது ஒரே மாதிரி இருக்கும். இரண்டு பட்டனையும் காலியாக விட்டு, ஒன்றைத் தொடும்வரை ‘அடுத்து’ பட்டனைச் செத்துக் கிடக்க வைத்தேன். ரிசப்ஷன் பொண்ணு ஒரு வாரம் திட்டியது.

சிக்னல் ஸ்லாட்:

அதைத்தான் அடுத்து எழுத வந்தேன், பஸ் வந்துவிட்டது.

டெல்டாகாரன்:

டிக்‌ஷனரி பண்ணிட்டேன் சார், நன்றி. மாமாவுக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. பிரின்ட் எடுத்ததும் பேனாவால் ஒவ்வொரு ஐட்டமாக டிக் அடிக்கிறார். காலை டிபனுக்கு மட்டும் இரண்டு டிக்.