கார்ன் ஸ்நேக்குக்கு நிஜச் செடி வைத்த தொட்டி: ஈரமும் சூடும் பற்றி ஒரு சந்தேகம்

இலைக்கள்ளி:
வணக்கம். என்னிடம் இருக்கும் கார்ன் ஸ்நேக்குக்கு (வீட்டில் வளர்க்கும் விஷமில்லாத பாம்பு) வயது இரண்டு. பேப்பர் விரித்த பிளாஸ்டிக் பெட்டியில்தான் இருக்கிறாள். சாயங்காலமானால் பேப்பருக்கு அடியில் மூக்கை நுழைத்து நுழைத்து எதையோ தேடுகிறாள், பார்க்க மனசு கேட்கவில்லை. அதனால் 120×60×60 செ.மீ. கண்ணாடித் தொட்டி வாங்கிவிட்டேன். பிளாஸ்டிக் இலை வேண்டாம், நிஜ மண்ணும் செடியும் வைக்க ஆசை. மண் ஈரமாகவே இருந்தால் வயிற்றுச் செதில் புண்ணாகிவிடாதா? இப்போது பெட்டிக்கு அடியில் இருக்கும் ஹீட் மேட்டையே (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு) இதற்கும் வைக்கலாமா?

சருகுமேடு:
ஹீட் மேட் வேண்டாம், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். காட்டில் வெயில் மேலிருந்து அடிக்கிறது. சூடு தாங்காத பாம்பு மண்ணுக்குள் இறங்கினால் குளிர்ச்சி கிடைக்கும். அடியில் மேட் வைத்தால் இது தலைகீழாகிவிடும். குளிர்ச்சி தேடித் தோண்டுகிறவள் சூட்டின் மேலேயே போய்ப் படுப்பாள். மண் தடிமனாக இருப்பதால் அந்தச் சூடு மேலேயும் வராது, கண்ணாடியை ஒட்டித் தேங்கி நிற்கும். ஒரு மூலையில் மேலிருந்து பல்ப் போடுங்கள், அதைக் கம்பி வலையால் மூடுங்கள், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் எரிய விடாதீர்கள். பல்புக்கு நேர் கீழே 30 முதல் 32 டிகிரி, எதிர் மூலையில் 24 டிகிரியை ஒட்டி இருந்தால் போதும்.

ஈரத்துக்குப் பயப்படத் தேவையில்லை, சேறுதான் ஆகாது. அடியில் 5 செ.மீ. அளவுக்குச் சுட்ட களிமண் உருண்டை, அதன்மேல் மெல்லிய வலை, அப்புறம் குறைந்தது 10 செ.மீ. மண். உரமோ பூச்சிமருந்தோ படாத மேல்மண்ணோடு கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) கொஞ்சம் மணலும் கலந்துகொள்ளுங்கள். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள்: உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. தண்ணீரை மேலே பீய்ச்சுவதைவிட மூலையில் மெதுவாக ஊற்றுவது நல்லது. அடிமண் நனையும், அவள் ஊர்கிற மேல்பரப்பு காய்ந்தே இருக்கும்.

மேலே காய்ந்த சருகைத் தாராளமாகக் கொட்டுங்கள். உண்மையில் தொட்டியே அதில்தான் ஓடுகிறது. அதில் ஸ்பிரிங்டெயில், ஐசோபாட் என்ற இரண்டு வகைக் குட்டி மண் உயிரிகளை விடுங்கள். ஸ்பிரிங்டெயில்கள் பூஞ்சையைத் தின்னும். ஐசோபாட்கள் சருகையும், உரித்த சட்டையையும், மிச்சம் மீதியையும் தின்று மண்ணாக்கும். பெரிய எச்சத்தை மட்டும் நீங்களே எடுத்துவிடுங்கள், அவ்வளவையும் அவற்றால் சமாளிக்க முடியாது. செடி வேர் பிடிக்கவும் இவை பெருகவும் ஒரு மாதத்துக்கு மேலாகும். அதுவரை அவள் பழைய பெட்டியிலேயே இருக்கட்டும்.

வேர்த்தொட்டில்:
மேலே சொன்னது அத்தனையும் சரி. செடியைப் பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன். மெல்லிய தண்டுள்ளது எதுவும் தாங்காது, ஏறி உட்கார்ந்தே ஒடித்துவிடுவாள். மணி பிளான்ட்டை மரக்கிளையில் சுற்றிவிடுங்கள். ஸ்நேக் பிளான்ட் என்ற செடியைச் சின்னப் பூந்தொட்டியோடு மண்ணில் புதைத்தால் வேரைத் தோண்ட மாட்டாள். நர்சரியிலிருந்து வந்த செடியின் பழைய மண்ணை முழுக்க உதறி, வேர், இலை எல்லாவற்றையும் கழுவிவிட்டே நடுங்கள், அதில் மருந்து அடித்திருக்கலாம். சூட்டுக்குப் போடும் பல்ப் செடிக்குப் போதாது. 6500 கெல்வின் (பகல் வெளிச்ச நிறம்) எல்இடி ஒன்று தனியாகத் தினமும் 12 மணி நேரம் எரியட்டும்.

இலைக்கள்ளி:
இருவருக்கும் ரொம்ப நன்றி. இன்னொரு சந்தேகம்: மாற்றுவதற்கு முன் பாம்பிடம் ஏதாவது பார்க்க வேண்டுமா?

சருகுமேடு:
கட்டாயம். செதில் இடுக்கில் ஒட்டி ரத்தம் உறிஞ்சும் சின்ன உண்ணி (மைட்) இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணைச் சுற்றியும் தாடைக்கு அடியிலும் மிளகுத்தூள் போலக் கரும்புள்ளி நகர்ந்தால் அதுதான். தண்ணீர்க் கிண்ணத்தின் அடியிலும் செத்துக் கிடக்கும். அவளை வெள்ளை டிஷ்யூ பேப்பரால் மெதுவாகத் துடைத்தும் பாருங்கள். உண்ணி மண்ணுக்குள் போய்விட்டால் அதைக் கொல்லும் மருந்து ஐசோபாட்களையும் கொன்றுவிடும். மண்ணை மொத்தமாக அள்ளிக் கொட்ட வேண்டி வரும். பேப்பரில் ஒரு புள்ளி தென்பட்டாலும் மாற்றாதீர்கள், முதலில் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.