வெள்ளை உடம்பு, முதுகில் ஒரே கருங்கோடு: இது என்ன புழு?

மாஹேபூர் ஆசிரியர்:
மொரீஷியஸின் புவான்த் தெஸ்னி கடற்கரையில் கடல் வற்றியிருந்த நேரம், ஒரு கல்லைப் புரட்டியபோது இது கிடந்தது. முழங்கை நீளம், சுண்டுவிரலைவிட மெலிவு. தந்த நிறம், முதுகின் நடுவே ஒரே கரும்பழுப்புக் கோடு. காலும் இல்லை, வளையங்களும் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதியாகச் சுருங்கி மறுபடி நீண்டது. பேய்க்கணவாய் குத்த வந்த அத்தை, கடற்பாம்புக் குட்டி என்று அடித்துச் சொல்லிவிட்டார். மாணவர்களும் அதையே நம்புகிறார்கள்.

லகூன்வாசி:
ஐயா, சினாப்டா வகைக் கடல் அட்டையோ? அதுவும் பாம்பு போல நீண்டு கிடக்கும். கையில் ஒட்டியதா?

மாஹேபூர் ஆசிரியர்:
ஒட்டவில்லை, வெறும் கோழைதான். வாயைச் சுற்றி உணர்கொம்புகளும் இல்லை.

கல்லடிக்காரி:
அப்படியானால் சினாப்டாவை விடுங்கள். பாம்பையும் விடுங்கள்: முதுகெலும்புள்ள எதுவும் பாதியாகச் சுருங்காது, அத்தை மன்னிக்கட்டும். பாலிகீட் புழு என்றால் வளையமும் மயிர்க்கற்றையும் தெரிந்திருக்கும். மிஞ்சுவது ரிப்பன் புழு, அதாவது நெமர்டியா.

இந்தக் கூட்டத்தில் நிறத்தை வைத்துப் பெயர் சொல்வதை நான் பெரும்பாலும் நம்புவதில்லை. பல இனங்களைத் திசுவை அறுத்துப் பார்த்தோ மரபணுவை வைத்தோதான் பிரிக்கிறார்கள். உங்களுக்கு அதிர்ஷ்டம், இது விதிவிலக்கு. பேசியோடிஸ்கஸ் ஹெம்ப்ரிச்சியையாக இருக்க வேண்டும். 1831இல் ஜெர்மன் இயற்கையியலாளர் ஏரன்பெர்க் பெயரிட்டது. செங்கடலில் அவருடன் பயணம் செய்து 1825இல் மசாவா துறைமுகத்தில் இறந்த ஹெம்ப்ரிச்சின் நினைவாக. வயிற்றுப் பக்கமும் இதே போல ஒரு கோடு ஓடும், தலையில் கரும்புள்ளி இருக்கும். ஐந்து கோடுகள் என்றால் இதன் உறவினமான குவின்குவிலினியாட்டஸ். மெல்லிய கோடுகள் பல, அங்கங்கே அறுந்து ஓடினால் டெலினியாட்டஸ். வயிறும் தலையும் தெரியும் படம் இருக்கிறதா?

மாஹேபூர் ஆசிரியர்:
இருக்கிறது. வயிற்றிலும் கோடு உண்டு, தலையில் கருந்திட்டும் தெரிகிறது. ஆளைக் கடிக்குமா, அம்மா?

கல்லடிக்காரி:
சந்தேகம் தீர்ந்தது. குடலுக்கு மேலே உள்ள திரவ அறையிலிருந்து தும்பிக்கையை வெளியே வீசி இரை பிடிக்கும் கூட்டம் இது. சில இனங்களின் தும்பிக்கையில் ஊசி உண்டு, இதற்கு இல்லை. ஆனாலும் வெறுங்கையால் தொடாதீர்கள்: பேத்தை மீனில் உள்ள டெட்ரோடாக்சின் என்ற நஞ்சு சில நெமர்டியாக்களிலும் இருக்கிறது.

வகுப்புக்காகப் பிடித்து ஸ்பிரிட்டில் போட நினைத்தால் வேண்டாம், சுருண்டு துண்டு துண்டாக உடையும். படமே போதும், அடுத்த முறை பக்கத்தில் ஓர் அளவுகோலை வையுங்கள். புரட்டிய கல்லைப் பழையபடி வைத்தீர்கள்தானே?