புராஸ்டேட் மாத்திரையும் அந்த மாத்திரையும்: யாரிடமும் சொல்லாமல் போட்டதில் எனக்கு நடந்தது

சிவகாசி, வயது 58

ஆறு மாதமாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் கீழே எழுதுங்கள்.

சின்னதாக ஆப்செட் அச்சகம் வைத்திருக்கிறேன். காலண்டர் சீசனில் மெஷின் முன்னால் மணிக்கணக்கில் நிற்கிற வேலை. 55 தாண்டியதும் ராத்திரி நான்கு முறை எழ ஆரம்பித்தேன். போய் நின்றாலும் உடனே வராது, வந்தாலும் நூல் மாதிரி, முடிந்தது என்று வேட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பினால் இன்னும் இரண்டு சொட்டு. வயசானால் அப்படித்தான் என்று இரண்டு வருஷம் ஓட்டினேன். கடைசியில் மதுரையில் ஒரு யூராலஜிஸ்டை, அதாவது சிறுநீர்ப் பாதை டாக்டரைப் பார்த்தேன். ஏழு கேள்விகள் உள்ள ஒரு தாளைக் கொடுத்தார், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மார்க், மொத்தம் 35. எனக்கு 19 வந்தது. 20-ஐத் தொட்டாலே கடுமையான நிலை, அதன் வாசலில் நின்றிருக்கிறேன். ஸ்கேனில் புராஸ்டேட் சுரப்பி 42 கிராம். ரத்தத்தில் பிஎஸ்ஏ, அதாவது புராஸ்டேட் சுரக்கிற ஒரு புரதம், 2.1 என்று வந்ததால், இப்போதைக்குப் புற்றுநோய்ச் சந்தேகம் இல்லை, வயதுக்கு வரும் வீக்கம்தான் என்று சொல்லி டாம்சுலோசின் 0.4 மில்லிகிராம் மாத்திரை எழுதினார். ஒரு வாரத்திலேயே நீர் நன்றாக இறங்கியது. இரண்டு வருஷம் கழித்து முழுசாகத் தூங்கினேன்.

ஆனால் இன்னொரு பக்கம் ஒன்று நடந்தது. விந்து வெளியே வருவது ஏறக்குறைய நின்றேபோனது. இது அந்த மாத்திரையின் தெரிந்த விளைவுதான், கெடுதல் இல்லை, நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்று பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஏற்கெனவே விறைப்பு சரியில்லாமல் இருந்தது, இதுவும் சேர்ந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். என்னைத் தெரியாத கடையாக இருக்கட்டும் என்று விருதுநகர் வரை போய் ஒரு மெடிக்கலில் விறைப்புக்கான மாத்திரை சில்டெனாஃபில் 100 வாங்கினேன். சீட்டு கேட்கவில்லை. அது சீட்டு இல்லாமல் தரக்கூடாத மாத்திரை.

சாப்பிட்டபின் டாம்சுலோசின், ஒன்பதரைக்கு இது. பதினோரு மணிக்குக் கட்டிலிலிருந்து எழுந்தது நினைவிருக்கிறது. அடுத்த நினைவு பாத்ரூம் தரையில் கிடந்ததும், மனைவி என் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுததும்தான். வாஷ்பேசின் விளிம்பில் அடித்துப் புருவத்தின் மேல் ஏழு தையல். பிரஷர் 80/50. அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர், என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று இரண்டு முறை கேட்டார். மனைவி பக்கத்தில் நின்றாள். புராஸ்டேட் மாத்திரை மட்டும் என்று சொன்னேன். தலைக்கு ஸ்கேன், ஈசிஜி, சலைன் என்று அந்த ராத்திரி முழுக்க என்னவென்று தெரியாமல் அவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். காரணம் என் சட்டைப் பையில் இருந்தது.

பத்து நாள் கழித்து யூராலஜிஸ்டிடம் தனியாகப் போய்ச் சொன்னேன். திட்டவில்லை. இரண்டுமே ரத்தக்குழாயைத் தளர்த்துகிற மருந்து, உட்கார்ந்து எழும்போது ரத்தம் காலுக்கு இறங்கிவிடும், இந்த வகைப் புராஸ்டேட் மாத்திரை எடுப்பவர் சில்டெனாஃபிலை 25-இல்தான் தொடங்க வேண்டும், நீங்கள் நேரே 100 போட்டிருக்கிறீர்கள் என்றார். இதயத்துக்கு ஒரு பரிசோதனை முடித்து, டாம்சுலோசினை நிறுத்திவிட்டு, தினமும் டடலாஃபில் 5 மட்டும் கொடுத்தார். விறைப்புக்கும் நீர் இறங்குவதற்கும் அது ஒன்றே போதுமாம். அமெரிக்காவில் 2011-லேயே புராஸ்டேட் வீக்கத்துக்கும் அனுமதித்துவிட்டார்களாம். முதல் இரண்டு வாரம் முதுகுவலி, தொடை வலி. அப்புறம் போய்விட்டது. இப்போது அதே தாளில் மார்க் 11.

நாகர்கோவில், ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 64

அண்ணாச்சி, நீங்கள் விழுந்து பிழைத்தீர்கள், நான் விழாமல் பிழைத்தேன்.

எனக்குச் சர்க்கரை பன்னிரண்டு வருஷமாக. டாக்டர் எழுதித்தான் டடலாஃபில் 20 வைத்திருந்தேன், எப்போதாவது ஒன்று. தரும்போதே அவர் ஒன்றை அழுத்திச் சொன்னார்: நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கிற சார்பிட்ரேட் என்ற நைட்ரேட் வகை மாத்திரையும் இதுவும் சேரவே கூடாது, பிரஷர் பாதாளத்துக்கு இறங்கிவிடும், சில்டெனாஃபில் என்றால் 24 மணி நேரம், டடலாஃபில் உடம்பில் அதிக நேரம் தங்குவதால் 48 மணி நேரம் இடைவெளி வேண்டும் என்று. எனக்குத்தான் நெஞ்சு வலியே இல்லையே என்று கேட்டுக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை ராத்திரி மாத்திரை போட்டேன். ஞாயிறு காலை ஏழு மணிக்கு நெஞ்சில் யாரோ அம்மிக்கல்லை வைத்த மாதிரி இருந்தது. வேர்த்துக்கொட்டியது. பக்கத்து வீட்டு மைத்துனர் இதய நோயாளி, அவர் சார்பிட்ரேட் அட்டையோடு ஓடிவந்து வாயைத் திறங்க அத்தான் என்கிறார். சுற்றி மகன், மருமகள், மருமகளின் அம்மா. நான் வாயை இறுக்க மூடிக்கொண்டு கையால் தள்ளுகிறேன். அடம் பிடிக்கிறேன் என்று நினைத்து மகன் என் தாடையைப் பிடித்துவிட்டான். அப்போதுதான் சொன்னேன், ராத்திரி டடலாஃபில் போட்டிருக்கேன், இதைக் கொடுக்காதீங்க என்று. அத்தனை பேர் முன்னால். அந்த நொடி எப்படி இருந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

108 வருவதற்குள் எனக்குப் பேச்சு திணற ஆரம்பித்தது. வண்டியில் வந்தவரிடம் மருமகள்தான் சொன்னாள்: "மாமா நேத்து ராத்திரி பத்து மணிக்கு டடலாஃபில் இருபது போட்டிருக்காங்க, நைட்ரேட் குடுத்துராதீங்க." ஆஸ்பத்திரியிலும் அதையே, அதே குரலில். கேஸ் ஷீட்டின் மேலே சிவப்பு மையில் எழுதினார்கள். வேறு மருந்து கொடுத்து, அன்றே ஆஞ்சியோ, ஒரு ஸ்டென்ட். அந்தப் பெண் இன்றுவரை அதைப் பற்றி ஒரு பார்வைகூட மாற்றிப் பார்த்ததில்லை. நான்தான் ஒரு மாதம் அவள் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டேன்.

கோவை, வயது 43

ஐயா இருவருக்கும் வணக்கம். என்னுடையது லேகியக் கதை. விறைப்பு குறைந்தது 41-இல். டாக்டரிடம் போக வெட்கப்பட்டு, முழுக்க மூலிகை என்று போட்டிருந்த ஒரு லேகியத்தைக் கூரியரில் வரவழைத்தேன். சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் வேலை செய்தது, கூடவே முகம் சிவந்து, மூக்கு அடைத்து, தலை இடித்தது. ட்யூப்லைட்டைச் சுற்றி நீல நிறம் தெரிந்தது. மூலிகையின் வீரியம் என்று சந்தோஷப்பட்டேன். பிறகு ஒரு டாக்டரிடம் இதைச் சொன்னபோது, நீலம் தெரிந்ததா என்று அதை மட்டும் திரும்பக் கேட்டார். நீங்கள் சொல்வதெல்லாம் சில்டெனாஃபிலின் அடையாளம், இந்த மாதிரிச் சரக்குகளில் அதைப் பொடித்துக் கலப்பது ரொம்ப நாளாக நடக்கிறது, எவ்வளவு கலந்தார்கள் என்று யாருக்குத் தெரியும் என்றார்.

ஆனால் எனக்கு உண்மையில் உறைத்தது அடுத்து நடந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தால் மூன்று மாதச் சராசரி சர்க்கரை, எச்பிஏ1சி, 9.8. எனக்குச் சர்க்கரை இருப்பதே அன்றுதான் தெரியும். ஆணுறுப்புக்குப் போகிற ரத்தக்குழாய் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான், இதயத்துக்குப் போவது மூன்று நான்கு, அதனால் அடைப்பு முதலில் தெரிவது சின்னக் குழாயில், சில வருஷம் கழித்துத்தான் நெஞ்சில் என்றார். இரண்டு வருஷமாக உடம்பு எனக்குச் சொல்லிக்கொண்டிருந்ததை லேகியத்தால் மூடி வைத்திருந்தேன்.

தஞ்சாவூர், ஒரு மகள்

இங்கே பெண்கள் எழுதலாமா தெரியவில்லை, அப்பாவுக்காக எழுதுகிறேன். அவருக்கு 71. ஜலதோஷத்துக்குக் கடையில் மூக்கடைப்பு மாத்திரை வாங்கிப் போட்டார், மறுநாள் ஒரு சொட்டு நீர் இறங்கவில்லை. அடிவயிறு பானை மாதிரி. வலியில் சுவரில் தலையை முட்டிக்கொண்டார். ட்யூப் போட்டதும் ஒன்றேகால் லிட்டர் வந்தது. புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்குச் சில சளி மாத்திரைகள் வழியை இறுக்கிவிடும் என்று அப்போதுதான் சொன்னார்கள். இப்போது வீக்கத்தைச் சுருக்குகிற டூட்டாஸ்டெரைட் எடுக்கிறார். அது ஆறு மாதத்தில் பிஎஸ்ஏ-வைப் பாதியாகக் குறைத்துக் காட்டுமாம். வேறு டாக்டரிடம் போனால் மாத்திரையைச் சொல்லுங்கள், இல்லையென்றால் உண்மையில் 6 இருக்கும்போது 3 என்று வருவதை நல்ல எண் என்று விட்டுவிடுவார்கள் என்று ஃபைல் அட்டையிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கூச்சப்படுகிற அப்பாக்கள் இருந்தால் பிள்ளைகளாவது கேளுங்கள்.

சிவகாசி, வயது 58

எல்லோருக்கும் நன்றி. அம்மா, நீங்கள் தாராளமாக எழுதலாம். ஆசிரியர் ஐயா எழுதியதை நேற்று ராத்திரி மூன்று முறை படித்தேன். என் வீட்டில் அன்றைக்கு எனக்கு நெஞ்சு வலி வந்திருந்தால் யாருக்கு என்ன தெரிந்திருக்கும்?

படித்து முடித்துவிட்டு மனைவியை எழுப்பினேன். விருதுநகர் போனது, வாங்கியது, பொய் சொன்னது எல்லாம் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு அந்த டாக்டர் கேட்டபோது நான் வெளியே போய் நின்றிருந்தால் சொல்லியிருப்பீங்களா என்று மட்டும் கேட்டாள். சொல்லியிருப்பேன் என்றேன். அப்புறம் மேசையிலிருந்து என் மாத்திரை அட்டையை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, டடலாஃபில் என்று இரண்டு மூன்று தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள்.