கொரிய நடிகர் சாங் காங்-ஹோவை நீங்கள் முதலில் பார்த்தது எந்தப் படத்தில்?

எனக்கு 'பாரசைட்'. 2020இல் ஆஸ்கர் வாங்கி, இங்கே 'மின்சார கண்ணா' பேச்சு ஓடிக்கொண்டிருந்த சமயம். காப்பியா இல்லையா என்று பார்க்கத்தான் உட்கார்ந்தேன். முதலாளி மூக்கைப் பொத்துகிற இடத்தில் அப்பாவாக வரும் இவர் முகம் மாறுமே, அதோடு காப்பி விவகாரம் மறந்தே போச்சு. ஆளைத் தேடிப் பிடித்து அடுத்துப் பார்த்தது 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' (2003). கண்ணைப் பார்த்தே குற்றவாளியைச் சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்ளும் ஊர்நாட்டு போலீஸ். தடயத்தின் மேலேயே டிராக்டர் ஏறுகிறது, இவர் கத்துகிறார், நமக்குச் சிரிப்பு. அதே ஆள் கடைசியில் நேராகக் கேமராவைப் பார்ப்பார். படம் நிஜக் கொலைகளை வைத்து எடுத்தது, அந்தக் கொலைகாரன் அப்போது சிக்கவில்லை. என்றாவது தியேட்டருக்கு வருவான் என்று இயக்குநர் பாங் ஜூன்-ஹோ வைத்த ஷாட். 2019இல் ஆள் யாரென்று தெரிந்தபின் மறுபடி பார்த்தேன். வயிற்றைப் பிசைந்தது.

*

நான் 'தி ஹோஸ்ட்' (2006) வழியாக வந்தவன். மகள் செத்துவிட்டாள் என்று நினைத்துக் குடும்பமே தரையில் புரண்டு அழுகிற காட்சி. கூடப் பார்த்த அப்பா சிரித்துவிட்டார், அம்மா அவரை முறைத்தார். இரண்டு பேரும் சரிதான். அழுகையையும் அசிங்கத்தையும் ஒரே மூச்சில் கொடுக்க இவரால் முடிகிறது.

*

'எ டாக்ஸி டிரைவர்' (2017) யாரும் சொல்லவில்லையே? 1980, தென் கொரியாவின் குவாங்ஜு நகரம், ஜனநாயகம் கேட்டுப் போராட்டம். வாடகை பாக்கிக்காக ஜெர்மன் நிருபரை ஏற்றிக்கொண்டு போய், ராணுவம் மக்களைச் சுட்டுத்தள்ளுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத் தப்பி வந்து பக்கத்து ஊரில் நூடுல்ஸ் சாப்பிடுவார். அப்புறம் வண்டியில் பாட்டை முணுமுணுக்க ஆரம்பிப்பார், பாதியில் குரல் உடையும், வண்டியைத் திருப்புவார். வீர வசனம் ஒன்றுகூடக் கிடையாது. நம்ம ஊரில் என்றால் அந்த இடத்தில் பின்னணி இசையே நம்மைத் தூக்கிப் போட்டிருக்கும்.

*

படத்துக்குப் படம் இவர் வெரைட்டி காட்டுகிறார் என்பதுபோல் எல்லாரும் பேசுகிறீர்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'தர்ஸ்ட்' (2009) படத்தில் ரத்தம் குடிக்கும் பாதிரியார். கோமாவில் கிடப்பவரின் ட்யூபை வாயில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரித் தரையில் படுத்திருப்பார். அங்கேயும் இதே சோம்பல் முகம்தான். மாறுவது படம், இவர் இல்லை. பயம் வருவதே அதனால்தான்.

*

மேலே சொன்னவருக்கு: அப்படியானால் 'சீக்ரெட் சன்ஷைன்' (2007) பாருங்கள். கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது கதாநாயகி ஜியோன் டோ-யோனுக்கு. இவர் படம் முழுக்க அந்தம்மா பின்னாலேயே சுற்றும் மெக்கானிக். பல ஷாட்டில் ஓரமாக நிற்பார், அவ்வளவுதான். ஸ்டார் ஆனபின் இப்படி ஓரமாக நிற்க எத்தனை பேர் ஒத்துக்கொள்வார்கள்? அவருக்கே கான் விருது வர 2022இல் 'புரோக்கர்' வரை ஆனது.

*

'தி ஃபௌல் கிங்' (2000), பாங்க் குமாஸ்தா மல்யுத்த வீரன் ஆகிற காமெடி, நல்ல சப்டைட்டிலோடு எங்கே கிடைக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கப்பா.