புதுப்பிப்பு: ஏபிஎஸ் விளக்கு எரிந்ததன் காரணம் தெரிந்தது

என் நான்கு சக்கர இயக்க வண்டியில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) எச்சரிக்கை விளக்கு அணையாததையும், வண்டியின் கணினித் தகவலைப் படிக்கும் ஸ்கேனரில் இடது முன்சக்கர வேகம் மட்டும் இடையிடையே பூஜ்யத்துக்கு விழுவதையும் முன்பு குறிப்பிட்டிருந்தேன், வழிகாட்டியோருக்கு நன்றி. ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டே அந்தச் சக்கரத்தின் வேகத்தை உணரும் சென்சாரின் மின்தடையை அளக்கச் சொன்ன யோசனையே பலித்தது. காந்தச் சுருள் வகையான அது, சக்கரம் நேராக இருந்தபோது 1.2 கிலோஓம் காட்டியது. ஸ்டீயரிங்கை வலப்பக்கம் முழுவதும் திருப்பியதும் மீட்டரில் இணைப்பே அற்றுப்போனது. மேலுறையில் கீறல்கூட இல்லாத சென்சார் வயர், மட்கார்டுக்குள் கிளிப் பிடிக்கும் இடத்தில் உள்ளுக்குள் முறிந்திருந்தது. (அதுதான் பழுது என்று அவசரப்பட்டு வாங்கிய ஹப் பேரிங், அதாவது சக்கரம் சுழலும் தாங்கி, வீண்.) எதிர்பாராத வகையில், நான்கு சக்கர இயக்கம் அவ்வப்போது இணைய மறுத்ததும் இதனால்தான்; அதுவும் இதே சக்கர வேகத் தகவலைப் பயன்படுத்துகிறது. வயருடன் சென்சாரை மாற்றி, பிழைக் குறியீட்டை அழித்து, 300 கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன். விளக்கு மீண்டும் எரியவில்லை.